மலை நிலத்துக்கு முதல் டிராக்டர்: சீட்டில் உட்காரப்போவது நீங்கள் இல்லை

இந்தப் பதிவு சிலருக்குக் கசக்கும். பரவாயில்லை, கசக்கட்டும்.

ஊரில் மலையோரமாக நாலு ஏக்கரோ எட்டு ஏக்கரோ இருக்கும் வெளிநாட்டுத் தமிழனுக்குக் கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் வருகிற முதல் ஆசை, டிராக்டர். அதிலும் நாற்பத்தைந்து ஹெச்.பி.க்குக் குறைந்து வாங்கினால் கௌரவக் குறைச்சல். ஷோரூம் வாசலில் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி எடுத்த போட்டோ வாட்ஸ்அப்பில் வந்துவிடும். இங்கே உட்கார்ந்து நாமும் கை கூப்பிய பொம்மை ஒன்றைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

என் கட்சி இதுதான். புல் வெட்டவும் புதர் எடுக்கவும் மலைச்சரிவுக்கு ரோல் பார் இல்லாத பெரிய டிராக்டரை வாங்கி அனுப்புவது பெருமை கிடையாது. இன்னொருத்தன் உயிரை வைத்து நாம் ஆடும் சூதாட்டம். முதல் வருடம் எதுவும் வாங்காதீர்கள். வாங்கித்தான் தீருவேன் என்றால் சின்னதாக, நாலு சக்கரமும் இழுக்கிறதாக, தலைக்கு மேல் ரோல் பார் உள்ளதாக வாங்குங்கள்.

"உனக்கு என்ன தெரியும், நீ பி.காம் படிச்ச பேங்க் ஆசாமிதானே?" என்பீர்கள். சரிதான். மெல்போர்னுக்கு வருவதற்கு முன் கோலார் மாவட்டத்துக் கிராமக் கிளை ஒன்றில் டிராக்டர் கடன் கோப்புகளைப் புரட்டியவன் நான். டிராக்டரை யார் கேட்கிறார்கள், யார் ஓட்டுகிறார்கள், யார் தவணை கட்டுகிறார்கள், எந்த வண்டி எங்கே கவிழ்ந்து கிடக்கிறது, எல்லாமே அந்தக் கோப்புகளில் இருக்கும். வட்டிக் கணக்கும் தெரியும். இரண்டையும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

தங்கவயல்காரர்களுக்கு நிலத்து ஆசை புதுசு இல்லை. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கமிருந்து பிழைக்க வந்து, லைன் வீட்டில் பிறந்து, லைன் வீட்டிலேயே செத்துப்போன பாட்டன்களின் பேரன்கள் நாம். மூன்று தலைமுறை உழைத்தும் காலடி மண் கம்பெனிக்குச் சொந்தம். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடிய பிறகு, கிடைத்த பணத்தில் சில குடும்பங்கள் காமசமுத்திரம், பூதிகோட்டை, பேத்தமங்கலம் பக்கம் கொஞ்சம் மேட்டு நிலம் வாங்கின. சிலருக்குக் குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் பாட்டன் வழிப் பங்கு இருக்கிறது. நல்ல சமவெளி நிலத்தை யாரும் விற்க மாட்டார்கள். அதனால் நம்ம கைக்கு வந்ததெல்லாம் பாறையும் சரிவும் உண்ணிச்செடியும்தான்.

அப்படிக் கிடந்த நிலத்துக்கு இப்போது மவுசு. 2018லிருந்து கே.சி. வேலித் திட்டத்தில் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் கோலார் ஏரிகளுக்கு வருகிறது. பெங்களூர் - சென்னை விரைவுச்சாலையின் கர்நாடகப் பகுதியை 2024 கடைசியில் வண்டிகளுக்குத் திறந்தார்கள். விவசாயி அல்லாதவர் நிலம் வாங்கத் தடையாக இருந்த 79ஏ, 79பி பிரிவுகளை 2020ல் கர்நாடகம் நீக்கியது. (உடனே குதிக்க வேண்டாம். வெளிநாட்டுவாழ் இந்தியர் விவசாய நிலம் வாங்க ஃபெமா சட்டத்தில் இன்னமும் அனுமதி இல்லை. பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.) போதாக்குறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. டீலர்கள் சும்மா இருப்பார்களா? "அண்ணன் ஃபாரின்ல இருக்காரு, ஏன் யோசிக்கிறீங்க" என்று மச்சானைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

மச்சான் போன் பண்ணுகிறார். நாம் பணம் அனுப்புகிறோம். இந்த இடத்தில்தான் நிறுத்திக் கேட்கச் சொல்கிறேன்.

முதலில் பேங்க் கணக்கு

எட்டு ஏக்கர் சரிவு நிலம் என்று வையுங்கள். மழைக்காலத்தை ஒட்டி வருடத்துக்கு மூன்று தடவை புல்லும் சின்னப் புதரும் வெட்ட வேண்டும். நாலடி ஸ்லாஷர் போட்டுச் சரிவில் நிதானமாக ஓட்டினால் ஏக்கருக்கு ஒன்றரை மணி நேரம். எட்டு ஏக்கருக்கு 12 மணி நேரம். மூன்று தடவைக்கு 36 மணி நேரம். வருடம் முழுக்க அவ்வளவுதான் வேலை!

டிராக்டரும் ஸ்லாஷரும் சேர்த்து 8 லட்சம் என்று கணக்குக்கு வைப்போம். கையிலிருந்து 2 லட்சம், கடன் 6 லட்சம். வட்டி 12 சதவீதம், ஐந்து வருடம். மாதத்துக்குச் சுமார் 13,350 ரூபாய். வருடத்துக்கு 1,60,000. ஐந்து வருடம் முடியும்போது 6 லட்சம் கடனுக்கு 8 லட்சம் கட்டியிருப்பீர்கள்.

இந்த 1,60,000ஐ 36ஆல் வகுத்துப் பாருங்கள். மணிக்கு 4,400க்கு மேல். டீசல், டிரைவர், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் தனி. வாடகை வண்டிக்கு டிரைவரோடு சேர்த்து மணிக்கு 1,500 என்று தாராளமாகவே போட்டாலும் வருடத்துக்கு 54,000தான். டிராக்டர் கடனுக்கு வங்கிகளில் ஒரு பழைய அளவுகோல் உண்டு: வண்டி வருடத்துக்கு ஆயிரம் மணி நேரமாவது உருப்படியாக ஓட வேண்டும். ஆயிரம் எங்கே, முப்பத்தாறு எங்கே?

"மீதி நேரம் வாடகைக்கு விட்டுக்கலாம்" என்று மச்சான் சொல்வார். எல்லா மச்சானும் சொல்வதுதான். வாடகைக்கு விடுவது முழுநேரத் தொழில். விவசாயம் என்று பதிவு செய்த வண்டி செங்கல் சூளைக்கும் மண் லோடுக்கும் போய் அங்கே ஏதாவது ஆனால், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது "விவசாய வேலையில் இருந்ததா?" என்றுதான். டிராக்டரில் இருக்கை ஒருவருக்குத்தான். மட்கார்டில் உட்கார்ந்து போனவருக்கு நஷ்டஈடு தர இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லிவிட்டன. நம்ம ஊரில் மட்கார்டு காலியாகப் போகும் டிராக்டரைப் பார்த்திருக்கிறீர்களா?

வாடகைக்கு வழியில்லையா என்றால், இருக்கிறது. கர்நாடகத்தில் 2014-15லிருந்து 'கிருஷி யந்த்ர தாரே' என்று ஹோப்ளி அளவில் வாடகை மையங்கள் உண்டு. தமிழ்நாட்டுப் பக்கம் நிலம் என்றால் வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டரையும் புல்டோசரையும் மணிக் கணக்கில் தருகிறது. தனியார் ஜேசிபிக்குப் பஞ்சமே இல்லை. பெமல் ஆலை புல்டோசர் செய்யும் ஊர்க்காரன், மண் வேலைக்கு எந்த மெஷின், புல் வேலைக்கு எந்த மெஷின் என்று தெரியாமல் குழம்பலாமா?

காடு எடுப்பது வேறு, புல் வெட்டுவது வேறு

நம்மவர்கள் போட்டுக் குழப்புவது இதைத்தான். இருபது வருடம் சும்மா கிடந்த நிலத்தில் உண்ணிச்செடி ஆள் உயரம். நடுவில் சீமைக் கருவேலம், ஓரத்தில் பழைய தைல மரத்துக் கட்டைகள். (2017ல் கர்நாடகம் புதிதாகத் தைல மரம் நடத் தடை போட்டது. பழைய கட்டைகள் இன்னும் துளிர்த்துக்கொண்டுதான் இருக்கின்றன.) இதை முதல் தடவை எடுப்பது ஒரே ஒரு முறை செய்கிற வேலை. அதற்கு ஜேசிபி போதும், அதுவும் இரண்டு மூன்று நாள் வாடகைக்கு. வாழ்நாளில் ஒரு தடவை செய்யும் வேலைக்கு 45 ஹெச்.பி. வாங்கி நிறுத்துவது, கல்யாணத்துக்குச் சமைக்க வேண்டும் என்று வீட்டில் நிரந்தரமாக நூறு படி அண்டா வாங்கி வைப்பது மாதிரி.

அதைவிட மோசம், டிராக்டரில் சங்கிலி கட்டி மரக்கட்டையைப் பிடுங்குவது. சங்கிலியைப் பின் அச்சுக்கு மேலே, டாப் லிங்க் மாட்டும் இடத்தில் கட்டுவார்கள். "நல்லா இழுக்கும்" என்று சொல்லிக்கொண்டே கட்டுவார்கள். கட்டை அசையாது. பின் சக்கரம் பிடித்துக்கொள்ளும். சுற்ற முடியாத சக்கரத்தைச் சுற்றி வண்டியே சுழலத் தொடங்கும். மூக்கு மேலே போகும், அப்புறம் மல்லாக்க விழும். ஆரம்பித்து முக்கால் வினாடியில் திரும்பவே முடியாத நிலை. ஒன்றரை வினாடியில் டிரைவர் அடியில். "நம்ம பையன் டக்குனு குதிச்சிடுவான்" என்கிறவர்கள் கையைத் தட்டிப் பார்க்கட்டும். இரண்டு தட்டு தட்டும் நேரம்தான் அது. எதை இழுத்தாலும் கீழே இருக்கும் டிராபாரில் மாட்டித்தான் இழுக்க வேண்டும். கட்டை பிடுங்கும் வேலையை டிராக்டருக்குக் கொடுக்கவே கூடாது என்பது என் சட்டம்.

இன்னொன்று. புதர் எடுக்கிறேன் என்று மலையை மொட்டையடித்துவிடாதீர்கள். ரொட்டவேட்டர் போட்டுச் சரிவைக் கிளறிவிட்டால், முதல் பெருமழையில் மேல்மண் எல்லாம் பக்கத்து ஏரிக்குப் போய்ச் சேரும். சரிவுக்குக் குறுக்கே பட்டை பட்டையாகப் புல்லை விட்டுவைத்து, நடுவில் மட்டும் வெட்டுங்கள். வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும், தலையை மட்டும் வெட்டினால் போதும். ரொம்பச் செங்குத்தான இடத்துக்கு பிரஷ் கட்டர். அதுவும் முடியாத இடத்துக்கு ஆடு. ஆட்டுக்கு டீசல் வேண்டாம், தவணை கிடையாது, கவிழ்ந்தாலும் எழுந்துகொள்ளும் :-)

ஹெச்.பி. மலை ஏறாது

"மலை நிலம் சார், பவர் வேணும்" என்பது டீலர் பாட்டு. முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன், முக்கால் பொய்.

ஏறுவதற்கு வேண்டியது பிடிப்பு. நம்ம ஊரில் விற்கும் 45 ஹெச்.பி. வண்டிகளில் பெரும்பாலானவை பின் சக்கரம் மட்டும் இழுப்பவை. எடை இரண்டு டன்னை ஒட்டி. அதற்கு பிரேக்கும் பின் சக்கரத்தில்தான். சரிவில் இறங்கும்போது எடை முன்பக்கம் சாயும், பின் சக்கரம் லேசாகும். பிரேக் இருக்கும் சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு இருக்காது. மழை ஈரம், காய்ந்த புல், உருண்டைக் கல் என்றால் கேட்கவே வேண்டாம், வழுக்கிக்கொண்டு இறங்கும். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் சின்ன கியரில் இறங்கினால் என்ஜினின் பிடி நாலு சக்கரத்துக்கும் போகும். வித்தியாசம் அங்கேதான். (ஒரு எச்சரிக்கை: அதே நாலு சக்கரம், இறங்கி வர முடியாத இடத்துக்கும் உங்களை ஏற்றிவிடும்.)

ஸ்லாஷர் ஓட்டக் கணக்கு சுலபம். அகலம் ஓர் அடிக்கு பிடிஓவில் சுமார் 5 ஹெச்.பி. நாலடி ஸ்லாஷருக்கு 20 போதும். என்ஜினில் 24 முதல் 28 ஹெச்.பி. இருக்கும் சின்ன வண்டி தாராளம். இந்த ரகத்தில் நாலு சக்கர இழுவையோடு இந்தியச் சந்தையில் வண்டிகள் வந்திருக்கின்றன. மஹிந்திரா ஜீவோ 245, குபோட்டா நியோஸ்டார் பி2441, ஜான் டீர் 3028இஎன் எல்லாம் இந்த வகை. 2023ல் மஹிந்திரா ஓஜா என்று ஒரு வரிசையே அறிமுகம் செய்தது. பெங்களூரின் வி.எஸ்.டி. ரொம்ப காலமாகவே சின்ன வண்டி செய்கிறது. நான் யாருக்கும் ஏஜென்ட் இல்லை. சர்வீஸ் எது பங்காருப்பேட்டையிலோ கோலாரிலோ கிடைக்கிறதோ அதைப் பாருங்கள்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு "சின்னது நல்லது" என்றும் சொல்ல மாட்டேன். இந்தச் சின்ன வண்டிகள் பெரும்பாலும் திராட்சைத் தோட்டத்து வரிசைக்குள் புகுந்து போகச் செய்தவை. அதனால் குறுகல். குறுகலான வண்டி பக்கவாட்டுச் சரிவில் சீக்கிரம் கவிழும். பின் சக்கரங்களை மாட்டும் விதத்தில் அகலத்தைக் கூட்டலாம். மலை நிலத்துக்கு ஆக அகலமாக வைத்து மாட்டித் தரச் சொல்லுங்கள். டயரில் தண்ணீர் நிரப்பினால் எடை கீழே இறங்கும். முன்னால் எடைக் கட்டிகள் போட்டால் மூக்கு தூக்காது. இதையெல்லாம் ஷோரூமிலேயே செய்துகொண்டு வர வேண்டும். அப்புறம் பார்த்துக்கலாம் என்றால் அந்த 'அப்புறம்' வராது.

சரிவை அளப்பதற்கும் என்ஜினியர் வேண்டாம். பத்தடி நேர்க்கட்டை ஒன்று, மேலே ரசமட்டம். மேட்டுப் பக்கத்து முனையைத் தரையில் வைத்து, கட்டையை மட்டமாகப் பிடியுங்கள். பள்ளத்துப் பக்கத்து முனைக்கும் தரைக்கும் எத்தனை அடி இடைவெளி? இரண்டு அடி என்றால் சரிவு சுமார் 11 பாகை. இரண்டே முக்கால் அடி நெருங்கினால் 15 பாகை. இரண்டு அடிக்கு மேல் இருந்தால் சரிவின் குறுக்கே ஓட்டவே கூடாது, நேராக ஏறி நேராக இறங்க வேண்டும். இரண்டே முக்காலைத் தாண்டினால் அந்த இடத்தில் டிராக்டருக்கு வேலையே இல்லை என்பது என் கோடு. ஏனென்றால் நிலம் பலகை மாதிரி இருக்காது. மேட்டுப் பக்கச் சக்கரம் ஒரு கல்லில் ஏறி, பள்ளத்துப் பக்கச் சக்கரம் எலி வளையில் இறங்கினால் உங்கள் 11 பாகை ஒரு நொடியில் 20 ஆகிவிடும். புதருக்குள் கல் எங்கே, குழி எங்கே என்று யாருக்குத் தெரியும்?

அந்த இரும்பு வளையம்

இப்போது முக்கியமான விஷயம்.

ரோல் பார் என்பது சீட்டுக்குப் பின்னால் நிற்கும் கனமான இரும்பு வளையம். வண்டி உருண்டால் டிரைவரின் உடம்பு நசுங்காமல் ஓர் இடத்தைக் காப்பாற்றித் தரும். கூடவே சீட் பெல்ட். ஸ்வீடன் 1959லேயே புது டிராக்டருக்கெல்லாம் இதைக் கட்டாயமாக்கியது. அமெரிக்காவில் 1985லிருந்து 20 ஹெச்.பி.க்கு மேற்பட்ட புது டிராக்டர்களில் கம்பெனிகளே போட்டுக் கொடுக்கின்றன. நான் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் 1990களின் கடைசியில் பழைய டிராக்டர்களுக்கும் மாட்டச் சொல்லி, செலவில் ஒரு பங்கை அரசாங்கமே திருப்பிக் கொடுத்தது. ரோல் பாரும் சீட் பெல்ட்டும் சேர்ந்தால், உருளும் விபத்துகளில் சாவையும் பெரிய காயத்தையும் தடுப்பதில் 99 சதவீதம் பலன் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கு.

உலகத்திலேயே எண்ணிக்கையில் அதிக டிராக்டர் செய்யும் நாடு நம்முடையது. 2022-23ல் உள்நாட்டில் மட்டும் ஒன்பது லட்சத்துக்கு மேல் விற்றது. அதே இந்தியத் தொழிற்சாலைகளிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் வண்டியில் ரோல் பார் இருக்கும். பங்காருப்பேட்டைக்கு வருவதில் பெரும்பாலும் இருக்காது. வெள்ளைக்காரன் மண்டைக்கு ஒரு விலை, நம்ம மண்டைக்கு ஒரு விலை.

கம்பெனியைத் திட்டுவது சுலபம். நம்மை என்ன சொல்வது? இங்கே மெல்போர்னுக்கு வெளியே மலைச்சரிவில் ஐந்து ஏக்கர் வாங்கும் நம்மவர்கள் இருக்கிறார்கள். தாங்கள் ஓட்டப்போகும் வண்டியில் ரோல் பார், பெல்ட், காதுக்கு மூடி, காலுக்கு பூட்ஸ் எல்லாம் வாங்குவார்கள். அதே ஆள் ஊருக்கு வாங்கி அனுப்பும்போது கேட்கும் ஒரே கேள்வி, "எத்தனை ஹெச்.பி.?" ஏன் இந்த வித்தியாசம்? ஊர் வண்டியின் சீட்டில் உட்காரப்போவது நீங்கள் இல்லை. உங்கள் தம்பி. இல்லை மச்சான். பெரும்பாலும் அவர்களும் இல்லை. தினக்கூலிக்கு வரும் இருபது வயசுப் பையன் ஒருத்தன், செருப்பில்லாத காலோடு, லுங்கியோடு.

அந்த லுங்கியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிடிஓ ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றுகிறது. வினாடிக்கு ஒன்பது சுற்று. துண்டு நுனியோ லுங்கி நுனியோ மாட்டினால் "ஐயோ" என்று சொல்லக்கூட நேரமில்லை. ஷாஃப்டுக்கு பிளாஸ்டிக் உறை உண்டு. கிரீஸ் போடத் தொந்தரவாக இருக்கிறது என்று முதல் வாரமே கழற்றி எறிவார்கள். ஸ்லாஷரின் பின்னால் தொங்கும் சங்கிலித் திரையும் அப்படித்தான். அது இல்லாவிட்டால் பிளேடு அடிக்கும் கல் துப்பாக்கிக் குண்டு மாதிரி போகும். கல்லுக்குப் பெயர்போன கோலார் மண்ணில்!

வழக்கமான சாக்குகள்

"முப்பது வருஷ டிரைவர், ஒண்ணும் ஆகாது." முப்பது வருடம் சமவெளியில் ஓட்டியவருக்கு உங்கள் மலை புதுசு. அனுபவஸ்தர்தான் நியூட்ரலில் போட்டு டீசல் மிச்சம் பிடித்துக்கொண்டு இறங்குவார். அனுபவஸ்தர்தான் இடது, வலது பிரேக்கை இணைக்கும் கொக்கியைப் போடாமலே விட்டுவிடுவார். சரிவில் அவசரமாக ஒரு பிரேக்கை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கம் திரும்பி உருளும்.

"மாமரத்துக்கு அடியில ரோல் பார் இடிக்கும்." மடக்கும் ரோல் பார் இருக்கிறது. மரத்தடியில் மடக்கலாம், வெளியே வந்ததும் நிமிர்த்த வேண்டும். நிமிர்ந்திருக்கும்போது பெல்ட் கட்டாயம். மடக்கியிருக்கும்போதும், ரோல் பாரே இல்லாத வண்டியிலும் பெல்ட் போடக் கூடாது. இது எல்லா டிரைவருக்கும் தெரிய வேண்டிய பாடம்.

"மேலே கூரை போட்டிருக்கோமே!" அது வெயிலுக்கு. வண்டி உருண்டால் அப்பளம். பட்டறையில் பைப்பை வளைத்து வெல்டிங் வைத்தாலும் அதே கதிதான். சோதனை செய்து தேர்ந்த, அந்த மாடலுக்கென்றே கம்பெனி தரும் பாரைத்தான் மாட்ட வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் டிராக்டர்களைச் சோதிக்க மத்திய அரசு நிறுவனமே இருக்கிறது. சோதனை அறிக்கையை டீலரிடம் கேளுங்கள். முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

"அதுக்கு வேற செலவாகும் அண்ணா." பாட்டுப் பெட்டிக்கும், பம்பருக்கும், பானெட்டில் பெயர் எழுதுவதற்கும், திறப்பு விழாப் பிரியாணிக்கும் ஆகாத செலவா?

நாம் யார் என்று ஞாபகம் இருக்கிறதா?

படம் வந்த பிறகு ஊர்ப் பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் சுத்தியல் தூக்கிய ஹீரோதான் ஞாபகம் வருகிறது. நமக்கு வேறு ஞாபகம். 1880லிருந்து ஜான் டெய்லர் கம்பெனி லண்டனில் உட்கார்ந்துகொண்டு நடத்திய சுரங்கம் அது. 1902லேயே சிவனசமுத்திரத்திலிருந்து கரண்ட் வந்தது மெஷினுக்காக. சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, உடம்பு வேகும் சூட்டில் இறங்கியது நம்ம பாட்டன். ராக் பர்ஸ்ட்டில் புதைந்ததும், சிலிகா தூசியில் நெஞ்சு கரைந்ததும் நம்ம ஆட்கள். பங்குதாரர் யாரும் ஷாஃப்டில் இறங்கவில்லை. தூரத்தில் இருந்துகொண்டு முதல் போட்டார்கள், கணக்குப் பார்த்தார்கள். அவர்களைப் பற்றி இன்றைக்கும் நாம் கோபமாகத்தான் பேசுகிறோம். பேச வேண்டியதுதான்.

இப்போது தூரத்தில் இருந்து முதல் போடுவது நாம். மலையில் இறங்குவது வேறு யாருடைய பையனோ. அவனுக்கு ஓர் இரும்பு வளையத்தை வாங்கித் தர யோசித்தால், நமக்கும் அந்தப் பங்குதாரருக்கும் என்ன வித்தியாசம்? அவனாவது தெரியாத ஆளை அனுப்பினான். நாம் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆளை அனுப்புகிறோம்.

ஆகவே மக்களே

1. முதல் வருடம் எல்லாமே வாடகை. புதருக்கு ஜேசிபி, புல்லுக்கு வாடகை டிராக்டர், செங்குத்துக்கு பிரஷ் கட்டர். எத்தனை மணி நேரம் ஆனது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

2. அந்த நோட்டு நூறு மணி நேரத்தைக்கூடத் தாண்டவில்லை என்றால் டிராக்டர் பேச்சே வேண்டாம். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களோடு சேர்ந்து ஒன்று வாங்க முடியுமா என்று வேண்டுமானால் பாருங்கள்.

3. வாங்குவதென்றால் 24 முதல் 28 ஹெச்.பி., நாலு சக்கர இழுவை, கம்பெனி ரோல் பார், சீட் பெல்ட், நாலடி ஸ்லாஷர், அகலமாக மாட்டிய பின் சக்கரம். ரோல் பார் வராத மாடல் என்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

4. அப்பா பெயரில் நிலத்தை அடமானம் வைத்து டிராக்டர் கடன் எடுக்காதீர்கள். மூன்று தலைமுறை காத்திருந்து கிடைத்த மண்ணை, முப்பத்தாறு மணி நேர வேலைக்காக பேங்க்கிடம் கொடுக்காதீர்கள். நான் பேங்க்காரன், நானே சொல்கிறேன்.

5. டிரைவருக்குத் தனியாக விபத்துக் காப்பீடு, பூட்ஸ், பேன்ட். மட்கார்டில் யாரும் ஏறக் கூடாது. குழந்தைகள் ஏறவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் பண்ணுவீர்கள் அல்லவா? டிராக்டர் பேச்சு வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள். சரிவு எத்தனை அடி? ரோல் பார் இருக்கா? ஓட்டப்போவது யார் வீட்டுப் பையன்? மூன்றுக்கும் பதில் வருகிறவரைக்கும் பணம் அனுப்பாதீர்கள். மச்சான் கோபித்துக்கொள்வார். இரண்டு பண்டிகை போனால் கோபம் ஆறிவிடும்.